மீரோனின் நெஞ்சில் இல்லாத ஸ்டென்ட்

“மேலேருந்து இன்னொரு தரம் ஓட்டும்மா” என்றார் டாக்டர் ஹரிலாவோஸ்.

ஸ்கேன் டெக்னீஷியன் ரொதாந்தி மவுஸை உருட்டினாள். திரையில் இதயம் மெல்லிய வில்லைகளாக மேலிருந்து கீழே இறங்கியது. வெள்ளைச் சாயம் நிரம்பிய ரத்தக்குழாய்கள் வந்தன, கிளை விட்டன, மறைந்தன. இதோடு நான்காவது முறை. எங்கும் ஸ்டென்ட் இல்லை.

ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலை. சி.டி. ஸ்கேனில் உலோகம் ஒளிந்துகொள்ளாது. தன் அளவைவிடப் பெரிதாக, வெள்ளை வெளேரென்று எரியும். அந்த ஒளியில் உள்ளே அடைப்பு இருக்கிறதா, ரத்தம் ஓடுகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். “உள்ளே சரியாத் தெரியல சார்” என்று ரொதாந்தி அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஸ்டென்டையே காணவில்லை என்று இன்றுதான் முதல்முறையாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் தாழ்ந்துவிட்டது, அவளே அதைத் தொலைத்ததுபோல.

“மேசையில சரியான ஆள்தான் படுத்திருந்தாரா?”

“மூணு தரம் பேர் கேட்டேன் சார். மீரோன் பெராகிஸ். பிறந்த வருஷமும் சரி, நம்பரும் சரி.”

மீரோன் பெராகிஸ் மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர். பித்தப்பைக் கல்லுக்கு அறுவை சிகிச்சை செய்துகொள்ள, க்ரீட் தீவின் ஹானியா நகரத்து ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். கம்ப்யூட்டரில் அவர் பெயரைத் தட்டியதும், ஒன்பது வருடங்களுக்கு முன் இடப்பக்க முன் ரத்தக்குழாயில் ஒரு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது என்று வந்தது. மயக்க மருந்து டாக்டர் பயந்துபோய், அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். பொருத்தியவர் பெயரும் அதில் இருந்தது. ஹரிலாவோஸ் வெனியேரிஸ்.

அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது. அதுதான் இப்போது அவரைக் கலக்கியது.

“கரையற மாதிரி ஸ்டென்ட் கொஞ்ச நாள் வந்துச்சே சார். அதுவா இருக்குமோ?” ரொதாந்தி திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அதை நாம இங்க போட்டதே இல்ல. போட்டிருந்தாலும் ரெண்டு முனையிலயும் புள்ளி மாதிரி உலோகம் நிக்கும்.”

“கழண்டு ரத்தத்தோட போயிருந்தா?”

“போயிருந்தா கால்லயோ வயித்துலயோ கிடக்கட்டும். இந்தக் குழாயைப் பாரு. இதுல அடைப்புன்னு ஒண்ணு எப்பவாவது வந்திருக்குமா?”

அவள் பார்த்தாள். ஐம்பத்தெட்டு வயது ஆளின் ரத்தக்குழாய், பள்ளிக்கூடப் பையனுடையதுபோல வழவழவென்று ஓடியது.

“பழைய படம் கிடைக்குமா சார்? நீங்க போட்டப்ப எடுத்தது?”

“மெஷின் மாத்தினப்ப போயிடுச்சு. ரிப்போர்ட் மட்டும் இருக்கு.”

ரிப்போர்ட்டில் அவர் கையெழுத்து இருந்தது. ரொதாந்தி அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினாள். அவள் அதிகம் பேசாத பெண். ஆனால் அவள் என்ன நினைக்கக்கூடும் என்று அவருக்குத் தெரியும். போடாத ஸ்டென்டுக்குக் கையெழுத்துப் போட்ட டாக்டர் என்று ஊர் நினைத்தால் அதைச் சமாளிக்கலாம். தான் திருடவில்லை என்பது அவருக்கே தெரியும். அவர் பயந்தது வேறு ஒன்றுக்கு.

அவருடைய அண்ணனுக்கு நோய் மறதியில் தொடங்கவில்லை. கடலோரத்து ஆலிவ் தோப்பை ஒரு ஜெர்மன்காரனுக்கு விற்றுவிட்டதாக ஒருநாள் அண்ணன் சொன்னார். அவன் வைக்கோல் தொப்பி போட்டிருந்தான், தொப்பியில் நீல ரிப்பன், பேரம் பேசும்போது அதைக் கழற்றி விசிறிக்கொண்டான் என்றெல்லாம் சொன்னார். தோப்பு அங்கேயேதான் இருந்தது. ஜெர்மன்காரன் யாரும் வரவில்லை. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வருடம் அண்ணனுக்குத் தன் பிள்ளைகளையே அடையாளம் தெரியவில்லை. நடக்காத ஒன்று, நீல ரிப்பனோடு, நினைவில் இருந்தது. அப்படித்தான் அது தொடங்கியது.

ஹரிலாவோஸின் நினைவில் இருந்த மீரோனுக்கும் அப்படி ஒரு ரிப்பன் இருந்தது. மாரடைப்போடு தூக்கி வந்திருந்தார்கள். மயக்கம் கொடுக்காமல்தான் வேலை நடக்கும். மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு, அடைப்பைத் திறந்து, வலையை விரித்து முடித்த நிமிடம், மேசையில் கிடந்த ஆள் கண்ணைத் திறந்து ஈரடிப் பாட்டு ஒன்றைக் கட்டிப் பாடினான். க்ரீட்டில் கல்யாணத்திலும் சாவிலும் அப்படி இட்டுக்கட்டிப் பாடுகிறவர்கள் உண்டு. ரத்தக்குழாய்க்குள் கம்பி விடும் கேத் லேப் மேசையில் பாடியவன் அவன் ஒருவன்தான். நர்சுகள் சிரித்தார்கள். ஹரிலாவோஸ் முகமூடிக்குள் சிரித்தார்.

அந்த நர்சுகளில் ஒருத்தி வெளிநாடு போய்விட்டாள். இன்னொருத்தி இறந்துவிட்டாள். பாட்டு அவரிடம் மட்டும் இருந்தது.

“நீ இதை அப்படியே வை. எதுவும் எழுதாதே” என்று சொல்லிவிட்டு நடைபாதைக்கு வந்தார்.

மீரோனும் மனைவி கரிஃபாலியாவும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மடியில் துணியில் சுற்றிய பாலாடைக்கட்டி இருந்தது, டாக்டருக்குக் கொடுக்கக் கொண்டுவந்தது. மீரோன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டர், என்ன சொல்லுது படம்?” கரிஃபாலியா எழுந்தாள். “காலையிலேருந்து கேக்கறேன், இந்த மனுசன் வாயைத் திறக்க மாட்டேங்கறாரு. இவருக்கு நெஞ்சுல ஏதோ வச்சிருக்குன்னு கீழ அந்தப் பொண்ணு சொல்லுது. யாரு வச்சா, எப்ப வச்சா?”

“ஒன்பது வருஷம் முன்னாடிம்மா. நான்தான் வச்சேன்.”

“நீங்களா? எந்த ஊர்ல?”

“இங்கதான். மேல மாடியில. மாரடைப்புன்னு கொண்டு வந்தாங்க.”

கரிஃபாலியா அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தாள். “டாக்டர், தப்பா நினைக்காதீங்க. முப்பது வருஷமா இவரோட குப்பை கொட்டறேன். ஒரு ராத்திரி கூட இவரு வெளிய தங்கினதில்ல. ஆட்டை விட்டுட்டு இவரு சொர்க்கத்துக்குக் கூடப் போக மாட்டாரு. மாரடைப்பு வந்து எனக்குத் தெரியாம இருக்குமா? இவருக்குச் சளி பிடிச்சாலே ஊரைக் கூட்டுவாரு.”

ஹரிலாவோஸ் மீரோனைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. நான் உங்களுக்கு ஸ்டென்ட் வச்சேனா?”

மீரோன் பூட்ஸிடம் பேசினார். “படத்துல என்ன தெரியுதோ அதான், டாக்டர்.”

“படத்துல ஒண்ணும் இல்ல.”

“அப்ப ஒண்ணும் இல்ல.”

“ரிப்போர்ட்ல இருக்கே.”

“அப்ப இருக்கும்.”

“பாத்தீங்களா, இப்படித்தான்” என்றாள் கரிஃபாலியா. “கழுதைகிட்ட கேட்டாலும் ஒரு பதில்தான் சொல்லும்.”

ஹரிலாவோஸ் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். முகம், மூக்கு, தாடி. அன்று மேசையில் கிடந்தவனும் இதே மூக்கோடுதான் இருந்தான். அல்லது இன்று இந்த மூக்கைப் பார்த்தபிறகு அவர் மனம் அதை அங்கே கொண்டுபோய் ஒட்டியிருக்கலாம். அண்ணனும் அப்படித்தான் சொல்வார். கேட்கக் கேட்கத் தொப்பியின் விவரம் கூடிக்கொண்டே போகும்.

நாளைக் காலையில் அவருக்கு மூன்று நோயாளிகள். முதல் ஆள் ஒரு பள்ளி ஆசிரியை. நேற்று மாலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க பண்ணறதுன்னாதான் ஒத்துப்பேன்” என்றாள். துடிக்கிற இதயத்துக்குள் கம்பி விடுகிறவனுக்குத் தன் மண்டைக்குள் இருப்பது எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

போனை எடுத்தார். “நாளைக்கு என் கேஸ் மூணையும் நிறுத்தி வை” என்று கேத் லேப் நர்சிடம் சொன்னார்.

“உடம்புக்கு முடியலையா டாக்டர்?”

“அப்படித்தான் வச்சுக்கோ.”

போனை வைத்தார். எழுந்து மறுபடி நடைபாதைக்குப் போனார். ஏன் என்று அவருக்கே தெளிவாகத் தெரியவில்லை.

மீரோனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வெள்ளைக் கோட்டோடு அங்கே உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. கரிஃபாலியா பாலாடைக்கட்டியை மடியில் நகர்த்தி இடம் விட்டாள்.

“உங்களை மாட்டிவிடக் கேக்கலை” என்றார். “நாளைக்கு நான் இன்னொருத்தர் இதயத்துல கை வைக்கணும். உங்களுக்கு ஸ்டென்ட் வச்சதா எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க பாட்டுக் கட்டினது கூட ஞாபகம் இருக்கு. அது நடக்கலைன்னா, நான் இனிமே அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது. அவ்வளவுதான் எனக்குத் தெரியணும்.”

“இவரா? பாட்டா?” கரிஃபாலியா சிரித்துவிட்டாள். “இவருக்குத் தாலாட்டுக்கு ‘ஆ’ன்னு இழுக்கக் கூட வராது டாக்டர். எங்க கல்யாணத்துல ரெண்டு அடி பாடுன்னு எல்லாரும் பிடிச்சாங்க. எந்திரிச்சு நின்னாரு, ‘சாப்பிடுங்க’ன்னு சொல்லிட்டு உட்கார்ந்தாரு.”

ஹரிலாவோஸ் தரையைப் பார்த்தார். பிறகு, வேறு யாருக்கோ சொல்வதுபோல, மெல்லிய குரலில் முதல் அடியைச் சொன்னார்:

“கம்பி வலையில கதவு வச்சீங்க காஞ்சு கிடந்த என் நெஞ்சுல—”

“நம்பி வந்தவ நழுவிப் போவா, நல்லாப் பூட்டுங்க, டாக்டரே” என்று கரிஃபாலியா முடித்தாள்.

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று ஹரிலாவோஸும் கரிஃபாலியாவும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

“எங்க ஊர்ல யாருக்குத் தெரியாது?” என்றாள் அவள். “இவரு பெரியப்பா மகன் பாடறது. கல்யாணம், திருவிழான்னா ரெண்டு கிளாஸ் உள்ள போனதும் இதைத்தான் எடுப்பான். நீங்க எந்தக் கல்யாணத்துல கேட்டீங்க?”

அப்படியானால் எங்கோ ஒரு விருந்தில் கேட்ட பாட்டு. அதைத் தன் கேத் லேப்பில் கொண்டுபோய் வைத்துக்கொண்டது அவர் மூளைதான். நீல ரிப்பன் இருந்தது, ஆனால் வேறு யாருடைய தொப்பியிலோ. அவர் எழுந்திருக்கப் பார்த்தார்.

மீரோன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல்முறையாக பூட்ஸை விட்டுத் தலை நிமிர்ந்திருந்தது.

“உட்காருங்க டாக்டர்” என்றார். “உங்க புத்தியில ஒரு குறையும் இல்ல. நீங்க வச்சீங்க. எனக்கு வைக்கல, அவனுக்கு வச்சீங்க.”

“எவனுக்கு?”

“மீரோன் பெராகிஸுக்கு.”

“மீரோன் பெராகிஸ் நீங்கதானே?”

“அவனும்தான்.”

தாத்தா பெயர் மீரோன். அவருடைய மகன்கள் ஒவ்வொருவரும் தலைப்பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஊரில் அவர்களைப் பட்டப்பெயரால் பிரித்தார்கள். இவர் ஆட்டு மீரோன். அவன் பாட்டு மீரோன், கொத்தனார். நாட்டின் பொருளாதாரம் சரிந்து கிடந்த அந்த வருடங்களில் ஒரு வீடும் எழும்பவில்லை. கட்ட வேலை இல்லாதவனுக்குக் காப்பீடும் இல்லை. ஒரு நாள் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இவர் கொட்டகை வாசலில் விழுந்தான். இவர் தன் காப்பீட்டுப் புத்தகத்தை அவன் சட்டைப் பையில் திணித்து, அவனை வண்டியில் ஏற்றினார்.

“பிறந்த வருஷம் ஒண்ணுதான், மூக்கும் ஒண்ணுதான். ஆஸ்பத்திரியில யாரும் கேக்கல” என்றார் மீரோன். “செத்தாலும் சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்கு குடுத்தேன். தெரிஞ்சா ரெண்டு பேரையும் உள்ள தள்ளிடுவாங்கன்னு பயந்தான். இன்னிக்குப் படத்துல ஒண்ணும் இல்லைன்னா, நீங்க ‘ஒண்ணும் இல்ல, போ’ன்னு சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க இப்படி ஆயிடுவீங்கன்னு நினைக்கல.”

கரிஃபாலியாவுக்கு வேறு ஒன்று உறைத்தது. “இருங்க, இருங்க. மாசா மாசம் மருந்துக்கடையிலேருந்து மாத்திரை வாங்கினீங்களே. கிடாவுக்குன்னு சொன்னீங்களே.”

“ஆமா.”

“ஒன்பது வருஷமா அந்தக் கிடாவுக்கு நெஞ்சுவலின்னு நான் அதுக்குத் தனியா வைக்கோல் போட்டேனே.”

“அது கெட்டுப் போகல. நல்லாத்தான் இருக்கு.”

ஹரிலாவோஸுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நம்பலாமா என்று பயமாக இருந்தது. இவர்கள் சொல்வதும் ஒரு பாட்டுதான். ஒரு வயதான டாக்டரைச் சமாதானப்படுத்த இரண்டு நல்ல மனிதர்கள் கட்டியதாக இருக்கலாம்.

“அந்த ஆள் இப்ப எங்க?”

“கீழ. பிக்கப் வண்டியில உட்கார்ந்திருக்கான். எனக்குத் துணைக்கு வந்தான். உள்ள வரப் பயம்.”

“கூட்டிட்டு வாங்க.”

பாட்டு மீரோன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வந்தான். அதே மூக்கு. ஹரிலாவோஸைப் பார்த்ததும், “டாக்டர், உங்களுக்கு நரைச்சுப் போச்சே” என்றான். பிறகு தம்பியைப் பார்த்து, “ஏண்டா, வாயை மூடிட்டு இருக்க உனக்குச் சொல்லியா குடுக்கணும்? பிறந்ததுலேருந்து அது ஒண்ணுதானே உனக்கு வரும்” என்றான்.

“நீ பாடாம இருந்திருந்தா நான் எதுக்கு வாயைத் திறக்கறேன்?” என்றார் ஆட்டு மீரோன்.

பாட்டு மீரோனையும் ஸ்கேன் எடுக்க வேண்டும்; அதற்கு முன் செய்த ரத்தப் பரிசோதனையின் முடிவு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாடித் துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்தார்கள். அது இறங்க இன்னும் கொஞ்ச நேரம். ரொதாந்தியிடம் ஹரிலாவோஸ் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, “அப்ப நான் சரியான ஆளைத்தான் தப்பா எடுத்தேனா, தப்பான ஆளைச் சரியா எடுத்தேனா?” என்றாள். தெரியவில்லை என்றார் அவர். உண்மையாகவே தெரியவில்லை.

“மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அசையாம இருக்கணும். மருந்து ஏறும்போது உடம்பு சூடாகும், பயப்படாதீங்க” என்று மைக்கில் ரொதாந்தி சொன்னாள். பிறகு யோசித்து, “பாடவும் கூடாது” என்றாள்.

படம் வந்தது. ஹரிலாவோஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இதயம் மேலிருந்து இறங்கியது. இடப்பக்க முன் ரத்தக்குழாய் வந்தது. அதில், அவர் வைத்த இடத்தில், வெள்ளையாக எரிந்துகொண்டு, ஸ்டென்ட்.

ரொதாந்தி அதைப் பெரிதாக்கினாள். உலோகத்தின் ஒளி பரவி, உள்ளே அடைத்திருப்பதுபோலத் தெரிந்தது. அவள் அதே படத்தை இன்னும் கூர்மையாகக் கணக்கிடச் சொல்லிக் கம்ப்யூட்டருக்குக் கட்டளை கொடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஒளி சுருங்கியது. வலையின் இரு கரைகளுக்கு நடுவே ஒரு சீரான கோடு, இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியே வந்தது.

“ஓடுது சார். நல்லாத் திறந்திருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடந்திருக்கிறது. பாட்டும், சிரிப்பும், மூக்கும், எல்லாம் நடந்திருக்கிறது. போனை எடுத்து, “நாளைக்குக் கேஸ் மூணும் உண்டு. அந்த டீச்சரை முதல்ல வை” என்றார்.

“சார்” என்றாள் ரொதாந்தி.

“என்ன?”

“வலப்பக்கக் குழாயில இன்னொண்ணு இருக்கு.”

அவர் கண்ணாடியை மாட்டினார். இருந்தது. இன்னொரு ஸ்டென்ட். முதலாவதைவிட நீளமானது, அதுவும் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. ரிப்போர்ட்டில் ஒன்றுதான். அவர் நினைவில் ஒன்றுதான். போன் இன்னும் கையில் இருந்தது. மறுமுனையில் நர்ஸ், “டாக்டர்? டாக்டர், இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் பதில் சொல்லாமல் ஸ்கேன் அறைக்குள் போனார். பாட்டு மீரோன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். ஆட்டு மீரோன் அவனுக்குத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் உனக்கு எத்தனை வச்சேன்?”

“ஒண்ணு, டாக்டர்.”

“உள்ள ரெண்டு இருக்கே.”

கொத்தனார் தம்பியைப் பார்த்தான். தம்பி பூட்ஸைப் பார்த்தார். இந்த விஷயம் அவருக்கே புதிது என்பது முகத்தில் தெரிந்தது.

“அது வந்து, டாக்டர்” என்றான் பாட்டு மீரோன். “அடுத்த வருஷம் வேலை தேடி, கடல் தாண்டி, பிரேயுஸ் ஊருக்குப் போனேன். அங்க மறுபடி வலிச்சுது. அங்க எங்க கடைசிச் சித்தப்பா மகன் ஒருத்தன் துறைமுகத்துல இருக்கான்.”

“அவன் பேர்?”

“மீரோன்.”

கதவருகே வந்து நின்ற ரொதாந்தி கையால் வாயை மூடிக்கொண்டாள். ஹரிலாவோஸ் ஸ்கேன் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு எங்கிருந்தோ வந்தது. கண்ணில் நீர் வரும்வரை நிற்கவில்லை. பிரேயுஸில் ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு டாக்டர் திரைக்கு முன்னால் நின்று, மேலேருந்து இன்னொரு தரம் ஓட்டு என்று சொல்லப் போகிறார். அந்த ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்து இன்றே போன் செய்ய வேண்டும்.

போனைக் காதில் வைத்து, “இருக்கேன், இருக்கேன். நான் சொன்ன மாதிரியே வை” என்றார் நர்சிடம். பிறகு கொத்தனாரிடம் திரும்பினார்.

“மொத்தம் எத்தனை மீரோன்டா உங்க குடும்பத்துல?”

“ஏழு பேர் டாக்டர்” என்றான் அவன். “ஆனா அப்ப ரெண்டு பேருக்குத்தான் காப்பீடு இருந்துச்சு.”